பெரியம்மான்ர எட்டுக்கு 700 கப்

போன வருசம் ஆனி மாசம் எங்கட பெரியம்மா மோசம் போனவ. அம்மான்ர மூத்த அக்கா, எங்களைத் தூக்கி வளத்தவ, செத்தவீடு யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டிலதான் நடந்தது. பிரேதம் எடுக்கும் வரைக்கும் செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்லத்தானே, அயலட்டைதான் தேத்தண்ணி கொண்டுவாறது, வாளியில தேத்தண்ணி வரும், பின்னால ஒரு பெடியன் சொப்பிங் பையில பேப்பர் கப் கொண்டுவருவான். அதுக்குப் பிறகு எட்டாம் நாள் செய்யிற சடங்கு, நாங்கள் எட்டு எண்டு சொல்லுறது, அது வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஆக்கள், கொழும்பில இருந்து, வவுனியாவில இருந்து, லண்டனில இருந்து மச்சான் குடும்பம், காலமை வந்த ஆக்களுக்கு ஒருக்கா, பின்னேரம் வந்த ஆக்களுக்கு ஒருக்கா, நிண்டு வேலை செய்யிற பெடியளுக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. எட்டுச்செலவுக்குச் சாமான் லிஸ்ற் எழுதேக்க பேப்பர் கப் எண்டு எழுதினது நான்தான். அம்மா உள்ள கிளாசுகளை எடுப்பம் எண்டு சொன்னவ, நான்தான் ஆரம்மா உதுகளைக் கழுவுறது எண்டு கேட்டன், அம்மாவும் பேந்து ஒண்டும் சொல்லேல்ல.

எட்டு முடிஞ்ச அடுத்தநாள் விடிய வளவு கூட்டப் போனன். கதிரை அடுக்கின இடத்தில கப், குரோட்டன் சாடிக்குள்ள கப், கிணத்துக்கட்டில வரிசையா நாலு கப், மல்லிகைப் பந்தலுக்குக் கீழ ஒண்டுக்குள்ள ஒண்டா ஒரு ஏழெட்டு, சிலதுக்குள்ள அரைவாசித் தேத்தண்ணி எறும்பு மொய்ச்சபடி, சிலதுக்குள்ள வெத்திலைத் துப்பல். சோளகம் வேற அடிச்சுக்கொண்டிருந்தது, கூட்டி ஒரு இடத்தில குவிச்சா உருண்டு வேலிக்கரைக்குப் போகுது. குசினிக்குப் பின்னால வெறும் பைக்கற்றுகளை எண்ணிப் பாத்தன், 14. ஒண்டுக்குள்ள 50. அப்ப 700 கப், எட்டு நாளில, ஒரு வீட்டில. மூண்டு உரபாக் நிறைய வந்தது, தூக்கினா பாரமே இல்லை, ஆனா வளவுக்குள்ள அதுகளை வைக்க இடமில்லை.

எங்கட ஒழுங்கைக்குக் குப்பை எடுக்க வாறவை பிரிச்சுக் குடுத்தாத்தான் வாங்குவினம். உக்கிறது வேற, பொலித்தீன் பிளாஸ்ரிக் வேற, கடதாசி வேற, போத்தில் வேற. நான் மூண்டு பாக்கையும் கடதாசி எண்டு நினைச்சு றோட்டுக்கரையில வச்சிட்டன். ரக்ரரில வந்த ஐயா ஒருத்தர், வயசு அறுவதுக்குக் கிட்ட இருக்கும், பாக்கைத் திறந்து கையை விட்டு ஒரு கப்பை எடுத்து என்னட்டக் காட்டினார். பிள்ளை, இது கடதாசிக்குள்ளயும் எடுக்கமாட்டினம், பிளாஸ்ரிக்குக்குள்ளயும் எடுக்கமாட்டினம் எண்டார். அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்டன். என்னெண்டாலும் கொட்டுறதுதானே பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு மூண்டு பாக்கையும் தூக்கி மேல எறிஞ்சார். அவர் கோபமாச் சொல்லேல்ல, சாதாரணமாத்தான் சொன்னவர். அவற்ற கையில உறை இல்லை. அந்த பாக்குக்குள்ள வெத்திலைத் துப்பின கப் கிடந்தது எனக்குத் தெரியும், நான் அதைக் கையால தொடாம தும்புத்தடியாலதான் தள்ளினனான். அவர் கையை விட்டதைப் பாத்துக்கொண்டு நான் சும்மா நிண்டது இண்டைக்கும் என்ர மனசில கிடக்கு, இந்தப் பதிவை எழுதுறதுக்குக் காரணமும் அதுதான்.

கடதாசிதானே, ஏன் எடுக்கேலாது எண்டு எனக்கு விளங்கேல்ல. மிஞ்சிக் கிடந்த கப் ஒண்டைப் பின்னேரம் ஒரு சின்ன வாளியில தண்ணி விட்டு ஊறப்போட்டன். அடுத்தநாள் பாத்தா அப்பிடியே கப்பா நிக்குது. பேந்து அடியையும் விளிம்பையும் கத்தரிக்கோலால வெட்டி, திரும்பப் போட்டு ரெண்டு நாள் விட்டன். மூண்டாம் நாள் விரலால உரஞ்ச வெளிப்பக்கத்துக் கடதாசி நனைஞ்ச சோறு மாதிரிக் கழண்டு வந்தது, உள்பக்கத்தில மெல்லிசா, பாம்பு கழட்டின சட்டை மாதிரி ஒரு தோல் மிஞ்சிச்சு. இழுத்துப் பாத்தன், இழுபட்டுது, கிழியேல்ல. வெயிலுக்குப் பிடிச்சா அங்கால பக்கம் தெரியுது. அது பொலித்தீன். தேத்தண்ணி ஊறி வெளியால வராமல் இருக்கிறதுக்கு உள்ளால ஒட்டுற பொலித்தீன், கப்பின்ர நிறையில நூற்றுக்கு அஞ்சு, பத்து அளவுதான் வரும், மிச்சம் முழுக்க நல்ல கடதாசி. ஆனா அந்தக் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதாலதான் சாதாரணமாக் கடதாசி அரைக்கிற ஆலையள் உதை வாங்கிறேல்ல, தோலைப் பிரிச்செடுக்கிற வேற மாதிரி மெசின் உள்ள ஆலைதான் வாங்கும், அதுவும் தேத்தண்ணி, பால், எச்சில் ஒண்டும் இல்லாமல் துப்பரவா, தனியச் சேத்துக் குடுத்தாத்தான். நாங்கள் கடதாசி எண்டு மனசாரப் போட்ட ஒரு கப் நல்ல கடதாசியையும் சேத்துப் பழுதாக்கும் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

லண்டன் மச்சான் அப்ப நிண்டவர், நான் வாளியோட இருக்கிறதைப் பாத்திட்டு, எங்கட நாட்டில ஒழுங்கில்லை, அங்க எண்டா எல்லாத்தையும் றீசைக்கிள் பண்ணுவினம் எண்டார். எனக்கு அது உண்மையாத்தான் இருக்கும் எண்டு பட்டது, இரவு போனில தேடி வாசிச்சன். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின்ர சுற்றாடல் குழு 2018 தை மாசம் ஒரு அறிக்கை விட்டிருக்கு. அங்க வருசத்துக்கு 250 கோடி கோப்பிக் கப் எறியப்படுது, அதில 400க்கு ஒண்டு கூட மீள்சுழற்சிக்குப் போறேல்ல எண்டு அதில கிடக்கு. இவ்வளவுக்கும் தொட்டி இருக்கு, லொறி இருக்கு, சனமும் கப்பை வடிவா றீசைக்கிள் தொட்டிக்குள்ளதான் போடுது, போட்ட உடன தன்ர கடமை முடிஞ்சுது எண்டு நினைக்குது. ஒரு கப்புக்கு 25 பென்ஸ் கூட அறவிடுவம் எண்டு அந்தக் குழு கேட்டது, அரசாங்கம் ஒத்துக்கொள்ளேல்ல. காலமை மச்சானுக்குக் காட்டினன், அவர் வாசிச்சிட்டு கனநேரம் கதைக்கேல்ல, பேந்து நான் 20 வருசமா அந்தத் தொட்டிக்குள்ள போடுறன் எண்டார்.

இங்க இலங்கையில 2023 ஐப்பசி முதலாம் திகதியில இருந்து ஒருக்காப் பாவிச்சு எறியிற பிளாஸ்ரிக் சாமான் கனக்கத்துக்குத் தடை, ஸ்ரோ, கரண்டி, பிளாஸ்ரிக் தட்டு, பிளாஸ்ரிக் கப், இடியப்பத் தட்டு, பூமாலை வரைக்கும். நல்ல விசயம், நான் குறை சொல்லேல்ல. ஆனா கடைக்காரரும் சனமும் செய்தது என்னெண்டா பிளாஸ்ரிக் கப்பை விட்டிட்டு பேப்பர் கப்புக்கு மாறினதுதான், நானும் அதைத்தான் செய்தன், பேப்பர் எண்டா மண்ணோட மண்ணாப் போயிடும் எண்டு நினைச்சன். தமிழ்நாட்டில 2019 தை முதலாம் திகதி வந்த தடையில பிளாஸ்ரிக் பூசின பேப்பர் கப்பையும் சேத்துத்தான் தடை செய்தவை, அவைக்கு இந்த உள்தோல் சங்கதி அப்பவே தெரிஞ்சிருக்கு.

இன்னொண்டும் சொல்லோணும். கரக்பூர் ஐஐடியில 2020 இல ஒரு ஆராய்ச்சி செய்தவை. 85, 90 பாகை சூட்டில 100 மில்லி தண்ணியை பேப்பர் கப்பில விட்டு 15 நிமிசம் வச்சா, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் துணிக்கை 25,000 அளவில அந்தத் தண்ணிக்குள்ள வந்து சேருது எண்டு கண்டுபிடிச்சவை. செத்தவீட்டுத் தேத்தண்ணி எப்பிடிச் சூட்டில வரும் எண்டு உங்களுக்குத் தெரியும், கையில வச்சு ஆறவிட்டு ஆறவிட்டு ஆக்களோட கதைச்சுக்கொண்டு குடிக்கிறது, 15 நிமிசம் என்ன, அரை மணித்தியாலமும் போகும்.

சரி, கொட்டுறது எண்டா எங்க கொட்டுறது? யாழ்ப்பாண மாநகரத்துக் குப்பை கனகாலமாக் கல்லுண்டாய் வெளிக்குத்தான் போகுது. ஆனைக்கோட்டைப் பக்கத்தால அராலிக்குப் போற ஆக்கள் கண்டிருப்பியள், காக்கைதீவு தாண்ட மணம் தொடங்கும், யன்னலைச் சாத்துவினம். அங்க நெருப்புப் பிடிச்சுப் புகை மூடின செய்தி அடிக்கடி பேப்பரில வாறது. அந்த வெளிக்குக் கிட்டவும் சனம் இருக்கு, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். எங்கட வழுக்கையாறு, மழை காலத்தில மட்டும் ஓடுற அந்த ஒரே ஒரு ஆறு, அந்தப் பக்கத்தாலதான் கடலுக்குப் போகுது. யாழ்ப்பாணத்தில குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி நிலத்துக்குக் கீழ நிக்குது, அதைத்தான் கிணத்தால அள்ளுறம். சுண்ணாம்புக்கல் எண்டது பொந்து பொந்தா உள்ள கல்லு, மேல என்னத்தை ஊத்தினாலும் கீழ விட்டிடும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்த காலத்தில ஊர் முழுக்க வாளி வாளியாத் தண்ணிக்கு அலைஞ்சதை நாங்கள் இன்னும் மறக்கேல்ல. வளவு மூலையில கப்பையும் சொப்பிங் பையையும் குவிச்சு நெருப்பு வைக்கிற வீடுகள் இப்பவும் இருக்கு, அந்தச் சாம்பல் போறதும் அதே தண்ணிக்குத்தான். எறிஞ்ச கப்புக்குள்ள மாரி மழைத்தண்ணி நிண்டா நுளம்பு முட்டையிடும், டெங்குக்கு பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர், வந்து வளவு பாக்கேக்க முதல் தேடுறது சிரட்டை, யோகட் கப், உந்தக் கப்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் நான் அம்மாட்டக் கேட்ட கேள்வி அப்பிடியே நிக்குது. ஆர் கழுவுறது?

நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஊரில ஒரு விசேசம் எண்டா சனசமூக நிலையத்தில இருந்து கிடாரம், வாளி, கதிரை, பெட்டி பெட்டியாக் கிளாஸ் எல்லாம் வரும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம், சவுக்காரமே கிடையாது, ஜாம் போத்திலில பஞ்சும் நாலு துளி மண்ணெண்ணையும் விட்டு விளக்குக் கொளுத்தின காலம், எறியிறதுக்கு எங்களிட்ட ஒண்டுமே இருக்கேல்ல, வெறும் சோடாப் போத்திலைக் குடுத்தாத்தான் கடையில சோடாப் போத்தில் தருவினம். கிளாசுகளைக் கிணத்தடியில வச்சுச் சாம்பலும் தும்பும் போட்டு விளக்கிறது அம்மா, பெரியம்மா, மாமி. ஆம்பிளையள் பந்தலுக்குள்ள இருந்து அரசியல் கதைப்பினம். ராத்திரி 11 மணிக்கும் அவை குந்திக்கொண்டிருந்து விளக்கினதை நான் கண்டிருக்கிறன், பெரியம்மாவுக்கு அதாலதான் முழங்கால் வருத்தம் வந்தது எண்டு நான் இண்டைக்கும் நம்புறன். பேப்பர் கப் எங்கட ஊருக்கு வரேக்க அது எங்களுக்கு ஒரு விடுதலை மாதிரித்தான் வந்தது, அதை நான் மறைக்கேல்ல. சுற்றாடலைப் பற்றிக் கூட்டம் போட்டுக் கதைக்கிற கன பேர் இந்த இடத்துக்கு வாறேல்ல. பழைய காலம் மாதிரிக் கிளாசுக்குத் திரும்புவம் எண்டு சொல்லுறது லேசு, சொல்லுறவர் ஒரு நாளும் கிணத்தடியில குந்தியிருக்கமாட்டார்.

ஆனா யோசிக்க யோசிக்க எனக்குப் பட்டது என்னெண்டா, பேப்பர் கப் வந்தாப்போல அந்த வேலை ஒழிஞ்சு போகேல்ல. எங்கட கையை விட்டு, ரக்ரரில வந்த அந்த ஐயான்ர கைக்குப் போயிருக்கு. அவர் கைவிட்டுக் கிளறுறார், கல்லுண்டாயில இருக்கிற சனம் புகையைக் குடிக்குது, கப்பைச் செய்தவனும் இறக்கினவனும் வித்தவனும் காசை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள், குடிச்ச நாங்கள் வேலிக்கரையில வச்சிட்டுக் கையைத் துடைச்சிட்டம். நாலு பேர் சேந்து செய்த ஒரு காரியத்துக்குக் கடைசியில நிக்கிற ஒரு ஆள் மட்டும் பதில் சொல்லுறார், அதுவும் எல்லாரிலயும் குறைஞ்ச சம்பளம் எடுக்கிற ஆள்.

ஜேர்மனியில இருக்கிற சித்தியோட இதைக் கதைக்கேக்க அவ ஒரு விசயம் சொன்னவ, பேந்து நானும் வாசிச்சன். அங்க 2023 தை முதலாம் திகதியில இருந்து, கட்டிக் குடுக்கிற கடையள் திரும்பப் பாவிக்கிற கப்பும் வச்சிருக்கோணும், அதில வாங்கினா விலை கூட எடுக்கக்கூடாது. அஞ்சு பேர் வரைக்கும் வேலை செய்யிற சின்னக் கடையள் எண்டா வச்சிருக்கத் தேவையில்லை, ஆனா ஆள் தன்ர கப்பைக் கொண்டுவந்தா அதுக்குள்ள ஊத்திக் குடுக்கோணும். பிரைபர்க் எண்ட நகரத்தில 2016 இலயே ஒரு யூரோ கட்டிக் கப்பை எடுத்து, குடிச்சிட்டு வேற கடையிலயும் குடுத்துக் காசைத் திருப்பி எடுக்கிற ஒழுங்கு கொண்டுவந்திருக்கினம். இதைக் கேட்டோண்ண அம்மா சொன்னா, இது எங்கட சோடாப் போத்தில்தானே எண்டு. உண்மைதான். கடைக்காரனும் பொறுப்பு, குடிக்கிறவனும் பொறுப்பு, ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு காசு நிண்டு சாமானைத் திருப்பிக் கொண்டுவரும். நாங்கள் பழக்கத்தில வச்சிருந்த சாமானை விட்டிட்டம்.

பெரியம்மா செத்து ஒரு வருசம் முடியச் செய்யிற ஆட்டைத்திவசம் இந்த வருசம் வந்தது. ஒரு மாசத்துக்கு முதலே வீட்டில சொல்லிப்போட்டன், கப் வாங்கிறேல்ல, ஆனா பொம்பிளையள் கழுவுறதும் இல்லை எண்டு. தம்பி ஆக்கள் முதல் சிரிச்சாங்கள், பேந்து நான் சும்மா கதைக்கேல்ல எண்டு கண்டு அடங்கிட்டாங்கள். சனசமூக நிலையத்தில கேட்டா கிளாஸ் எல்லாம் உடைஞ்சு போச்சு, கிடாரமும் கதிரையும்தான் இருக்காம். அப்ப மச்சானிட்டக் கேட்டன், லண்டனில இருந்து காசு அனுப்பினார், 200 சில்வர் ரம்ளர் வாங்கி பெரியம்மான்ர பேரைப் பொறிச்சு நிலையத்துக்கே குடுத்தம், முதல் பாவிப்பு எங்கட வீட்டில.

கிணத்தடியில மூண்டு பெரிய பேசன் வச்சம். முதலாவதில சவுக்காரத் தண்ணி, ரெண்டாவதில நல்ல தண்ணி, மூண்டாவதில சுடுதண்ணி, அதுக்குப் பிறகு பனையோலைப் பெட்டியில கவிழ்த்து வெயிலுக்கு வைக்கிறது. தம்பி, அவன்ர ரெண்டு கூட்டாளியள், மாமான்ர மகன், நாலு பேரும் முறை வச்சு நிண்டாங்கள், ஒருத்தனுக்கு அரை மணித்தியாலம். குந்தக் கூடாது எண்டு வாங்கில் வச்சு அதுக்கு மேல பேசனை வச்சுக் குடுத்தன், பெரியம்மான்ர முழங்கால் என்ர மனசில இருந்தது. தண்ணி எவ்வளவு போகுது எண்டு கணக்குப் பாத்தன், ஏனெண்டா தண்ணி கூடச் செலவாகும் எண்டு கனபேர் சொல்லுறவை. காலமை முழுக்கக் கழுவினதுக்கு பேசன் ரெண்டு தரம் மாத்தினதோட சேத்துப் பன்ரெண்டு வாளி. அவ்வளவும் வாழைக்குப் போனது.

குறையள் இருந்தது. சில்வர் ரம்ளர் சுடும், வந்த ஆக்கள் பிடிக்கேலாமல் சால்வை நுனியால, சீலைத் தலைப்பால பிடிச்சவை, பேந்து அரைவாசிக்கு மேல ஊத்தாமல் விட்டம். வாசல்ல நிண்ட ஆக்களுக்குப் போய்ச்சேர முதல் ரம்ளர் முடிஞ்சு, ஆரோ பெடியன் ஓடிப்போய் ரெண்டு பைக்கற் பேப்பர் கப் வாங்கிக்கொண்டு வந்திட்டான், நான் பாக்கேக்க உடைச்சாச்சு. அண்டைக்கு 60, 70 கப் எறிஞ்சம்தான். 700 இல்லை.

இன்னொண்டு நடந்தது, அதை எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். எங்கட சொந்தத்துக்க ஒரு பெரியவர், அவருக்கு நான் ரம்ளரில தேத்தண்ணி கொண்டுபோய் நீட்ட, பிள்ளை பேப்பர் கப் இல்லையோ எண்டார். சுடுது போல எண்டு நினைச்சு, ஆறவச்சுத் தாறன் ஐயா எண்டன். இல்லைப் பிள்ளை, உது எல்லாரும் குடிச்சதெல்லே எண்டு சொல்லி, பந்தலுக்கு அங்கால இருந்த ஆக்களைக் கண்ணால காட்டினார். அங்க இருந்தது பெரியம்மாவுக்குக் கடைசி மூண்டு வருசமும் வந்து வந்து உதவி செய்த குடும்பம். அவர் சொன்ன எல்லாரும் எண்டதுக்கு என்ன கருத்து எண்டு யாழ்ப்பாணத்தில பிறந்த ஆருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எச்சில் எண்ட பயம் உலகம் முழுக்க இருந்ததுதான். பேப்பர் கப் எண்ட சாமானே அதாலதான் வந்தது. அமெரிக்காவில ரயிலிலயும் பள்ளிக்கூடத்திலயும் ஒரே பேணியைச் சங்கிலியில கட்டி எல்லாரும் தண்ணி குடிச்சவை, கசம் எண்ட காசநோய் மாதிரி வருத்தங்கள் பரவுது எண்டு 1909 இல கான்சஸ் மாநிலம் அதைத் தடை செய்தது, அதுக்குக் கொஞ்சம் முதல், 1907 அளவில, லோறன்ஸ் லூலன் எண்டவர் பொஸ்டனில கடதாசிக் கப்பைக் கொண்டுவந்திருந்தார், பிறகு அதுதான் டிக்ஸி கப் எண்டு பேர் எடுத்தது. அது நோய்க்குப் பயந்தது, நியாயம் இருக்கு, கொரோனா நேரம் நாங்களும் அப்பிடித்தான் பயந்தம். ஆனா எங்கட ஊர்ப் பயம் வேற. எங்கட ஊர்த் தேத்தண்ணிக்கடையளில சாதியைச் சொல்லி ஒரு பகுதிச் சனத்துக்கு கிளாசில குடுக்காமல் சிரட்டையிலயும் போத்திலிலயும் ஊத்திக் குடுத்த காலம் ஒண்டு இருந்தது. 1957 இல சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கடையள் மாறேல்ல. 1960களின்ர பிற்பகுதியில, சங்கானையிலயும் வேற இடங்களிலயும், அந்தச் சனம் தாங்களாக் கடைக்குள்ள போய் வாங்கில இருந்து தேத்தண்ணி கேட்டவை, அடி வாங்கினவை, அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் ஒரே கிளாஸ் எண்டு வந்தது. கழுவின ஒரு கிளாசில எல்லாரும் குடிக்கிறது எங்கட ஊரில சும்மா கிடைச்சதில்லை. மூக்கு வச்ச குடிக்கிற பேணி, மூக்குப்பேணி, அதை நாங்கள் யாழ்ப்பாணப் பெருமை எண்டு சொல்லுறம், வடிவான சாமான்தான், எனக்கும் விருப்பம், ஆனா வாய் படாமல் ஊத்திக் குடிக்கிறதுக்குத்தானே அந்த மூக்கு. கப்பை எறிஞ்சிட்டா ஆர் குடிச்சது எண்ட கேள்வியே வராது, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புதுக் கப், வெளியால பாத்தா சமத்துவம் மாதிரித்தான் தெரியும். பேப்பர் கப் எங்கட வீடுகளில இவ்வளவு கெதியா ஒட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

நான் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் ரம்ளரோட நிண்டன். அம்மா பின்னால வந்து என்ர கையில இருந்த ரம்ளரை வாங்கினா. எங்கட வீட்டில உதிலதான் ஐயா குடுக்கிறம் எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டு, கொண்டுபோய் அங்கால இருந்தவைக்குக் குடுத்திட்டு வந்தா. அவர் தேத்தண்ணி குடிக்காமல்தான் போனவர். அம்மா இப்பிடிச் செய்வா எண்டு நான் நினைச்சுக்கூடப் பாக்கேல்ல.

இப்ப வேலை செய்யிற இடத்திலயும் சின்னதா ஒண்டு தொடங்கியிருக்கிறம். பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் முன் கடையில இருந்து தேத்தண்ணி வரும், 18 பேர், ரெண்டு நேரமும் எண்டா 36 கப். நான் போய்க் கடை அண்ணையிட்டக் கேட்டன், நாங்கள் எங்கட கப்பைத் தாறம், பிளாஸ்கில ஊத்தித் தாங்கோ எண்டு. அவர் யோசிச்சிட்டு, கப் காசு மிச்சம்தானே தங்கச்சி, ரெண்டு ரூபா குறைச்சுத் தாறன் எண்டார். அவருக்கு கப் என்ன விலைக்கு வருது எண்டு அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் அந்தக் காசையும் சேத்துத்தான் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறம். கழுவுறதுக்கு வாரத்துக்கு ஒருத்தர் எண்டு பேர் எழுதி ஒட்டியிருக்கு, பெரிய சேரின்ர பேரும் இருக்கு, அவர் தன்ர வாரத்தில கழுவினவர். ரெண்டு பேர் இன்னும் பேப்பர் கப்பிலதான் வாங்கினம், அவையோட நான் சண்டை பிடிக்கேல்ல, ஆனா அவை குடிச்ச கப்பில ஒண்டை ஊறப்போட்டு அந்தத் தோலை உரிச்சு மேசையில வச்சன்.

இனி நல்லூர்த் திருவிழா வருது, 25 நாள். தாகசாந்தி வைக்கிற ஆக்கள் கனபேர் எனக்குத் தெரிஞ்ச பெடியள், மோரும் சக்கரைத் தண்ணியும் மனசாரத்தான் குடுக்கிறாங்கள். தேரண்டைக்கு இவ்வளவு சனத்துக்கு ரம்ளர் கழுவிக் குடுக்கிறது நடக்கிற காரியம் இல்லை எண்டு எனக்குத் தெரியும். எங்கட ஊரில கூழ் குடிக்கிறதுக்குப் பனையோலையில பிளா கோலுறது, பிலாவிலையை மடிச்சு ஈர்க்குக் குத்துறது, அதுகள் எறிஞ்சாலும் மாடு தின்னும், மண்ணுக்குள்ள போகும். அத்தனை ஆயிரம் பிளா கோல ஆக்கள் இல்லைத்தான், கோலுறவைக்குக் காசு குடுக்கோணும், அது பேப்பர் கப்பை விடக் கூட வரும். குறைஞ்சது ஒரு பந்தலில ஒரு நாளைக்கு எண்டாலும் செய்து பாப்பம் எண்டு கேட்டிருக்கிறன். ஒரு பெடியன் சரி எண்டிருக்கிறான். பிளா கோலத் தெரிஞ்ச ஒரு ஆச்சியை அளவெட்டிப் பக்கம் கண்டுபிடிச்சிருக்கு, வாற ஞாயிற்றுக்கிழமை போறம்.

ரம்ளர் 200 இல 197 திரும்பி வந்தது. மூண்டைக் காணேல்ல, ஒண்டு பேந்து மல்லிகைப் பந்தலுக்குக் கீழ இருந்து எடுத்தன். போன கிழமை எங்கட ஒழுங்கையில இன்னொரு செத்தவீடு, நிலையத்தில இருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனவை எண்டு கேள்விப்பட்டுப் போய்ப் பாத்தன். பேசன் மூண்டும் கிணத்தடியில இருந்தது. கழுவிக்கொண்டு நிண்டது ரெண்டு பொம்பிளையளும் ஒரு பெடியனும். நான் சீலையைச் செருகிக்கொண்டு சுடுதண்ணிப் பேசனில போய் நிண்டிட்டு, வீட்டுக்குப் போன் எடுத்துத் தம்பியை வரச் சொன்னன்.